புலிக்கு முன்னே இடம் பிடித்த வேட்டைக்காரர்

மலை நாட்டில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர். குறி தவறாமல் சுடத் தெரிந்தவர்களும் பலர். ஆட்கொல்லிப் புலியைக் கொல்பவருக்குப் பரிசு தருவதாக அரசாங்கம் அறிவித்தது. வேட்டைக்காரர்கள் வந்தார்கள். ராணுவ வீரர்களும் வந்தார்கள். ஆனால் புலி அகப்படவில்லை.

கடைசியில் ஒரு ரெயில்வே ஊழியர் வந்தார். அவர் வந்ததும் முதலில் புலியைத் தேடவில்லை. மலையைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். புலி எந்த வழியாக வரும், தாம் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்த பிறகே துப்பாக்கியை எடுத்தார்.

அவர்தான் ஜிம் கார்பெட். 30 ஆண்டுகளுக்கு மேல், இமயமலை அடிவாரத்துக் குமாவுன் மக்களும் கார்வால் மக்களும் ஆபத்து வந்தபோதெல்லாம் அவரைத்தான் அழைத்தார்கள்.

தபால்காரர் வீட்டுப் பிள்ளை

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிதாலில் பிறந்தார். அது கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் உள்ள மலை நகரம். அவருடைய தந்தை அந்த ஊரின் தபால் அதிகாரி. பெரிய குடும்பம், வருமானமோ சிறிது. ஜிம் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயார் மேரி தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார்.

குளிர் காலம் வந்தால் நைனிதாலில் இருக்க முடியாது. குடும்பம் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி கிராமத்துக்கு இறங்கிவிடும். வீட்டைச் சுற்றிக் காடு. அந்தக் காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி பழைய துப்பாக்கி. மருந்தைக் குழாய் வாய் வழியாகக் கெட்டித்துச் சுட வேண்டும். குழாய் ஒன்று வெடித்துப் போயிருந்தது. பித்தளைக் கம்பி சுற்றி அதைக் கட்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து சுட்டுப் பயன் இல்லை. மிருகத்தின் அருகே போக வேண்டும். இல்லாவிட்டால் மிருகம் வரும் இடத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஏழைச் சிறுவனுக்கு அந்த உடைந்த துப்பாக்கியே ஆசிரியராக அமைந்தது.

அண்ணன் டாம் ஒரு நாள் அவரைக் கரடி வேட்டைக்கு அழைத்துப் போனார். ஆழமான ஓடைப் பள்ளம் ஒன்றின் ஓரத்தில் தம்பியைத் தனியே உட்கார வைத்துவிட்டு அப்பால் போய்விட்டார். சிறுவன் பயத்தில் நடுங்கினான். ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை. பயந்துகொண்டே சும்மா உட்கார்ந்திருக்கும் பழக்கம் அன்று ஆரம்பமாயிற்று.

குன்வர் சிங் என்ற கிராமத் தலைவர் இன்னொரு குரு. அவர் கள்ள வேட்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் காட்டின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். மரம் ஏறவும், இருட்டில் வழி தவறாமல் நடக்கவும் அவர்தான் கார்பெட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மான் கற்றுக் கொடுத்த பாடம்

புலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் மானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மான் போகும் இடத்துக்குத்தான் புலியும் போகும்.

மான் தன் இஷ்டம்போல் எங்கும் அலைவதில்லை. பகலில் வெயில் ஏறியதும் நிழலில் படுத்துக்கொள்ளும். மாலையில் புல்வெளிக்கு வரும். தண்ணீருக்கு ஓர் இடம், உப்பு மண் நக்க ஓர் இடம் என்று அதற்கு உண்டு. செங்குத்தான மலையில் வீணாக ஏறி அது களைப்படையாது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்த இடம் இருந்தால் அந்த வழியாகத்தான் கடக்கும். ஆற்றில் கரை சரிந்திருக்கும் இடத்தில்தான் இறங்கும். ஆகவே, நிலத்தைப் பார்த்தாலே மானின் வழி தெரிந்துவிடும்.

வழி தெரிந்தால் மட்டும் போதாது. காற்றையும் பார்க்க வேண்டும். மலைக் காற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து கீழே இறங்கும். மாலையில் மேட்டில் உட்கார்ந்திருப்பவனுடைய வாடை, இருட்டிய பிறகு பள்ளத்தில் வரும் மானின் மூக்குக்குப் போய்விடும். ஒரு முறை வாடை பிடித்துவிட்டால் அந்த மான் அந்தப் பக்கமே வராது. காற்று மானிடமிருந்து மனிதனை நோக்கி வர வேண்டும். அப்படிப்பட்ட இடமே நல்ல இடம்.

நம் ஊரில் தினைக் கொல்லையையும் சோளக் கொல்லையையும் காக்கப் பரண் கட்டுவார்கள். வட நாட்டு வேட்டைக்காரர்களும் மரத்தில் பரண் கட்டி உட்காருவது உண்டு. எந்த மரத்தில் கட்டுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

காட்டில் ஒலிகளும் வழி சொல்லும். புலியையோ சிறுத்தையையோ கண்டால் புள்ளிமான் கூவும். கடமான் உரக்கக் குரல் கொடுக்கும். கேளையாடு என்னும் சிறு மான் நாயைப் போல் குரைக்கும். லங்கூர் குரங்கு மரத்தின் மேலிருந்து எச்சரிக்கும். எந்தப் பிராணி எங்கே குரல் கொடுத்தது, அடுத்த குரல் எங்கே கேட்டது என்று கவனித்தால், கண்ணுக்குத் தெரியாத புலி எந்தத் திசையில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். கார்பெட் இதைச் சிறு வயதிலேயே கற்றுவிட்டார். மணலில் பதிந்த கால் தடத்தைப் பார்த்து, எந்த மிருகம், எப்போது போயிற்று என்பதையும் சொல்லுவார்.

சம்பாவத் பெண் புலி

வீட்டுக் கஷ்டத்தால் கார்பெட் இளம் வயதிலேயே ரெயில்வே வேலையில் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மொகாமா துறையில், சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலையை 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

1907-ம் ஆண்டு. சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி வெறியாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றுவிட்டு எல்லை தாண்டி வந்த புலி அது. குமாவுனில் அது கொன்றவர்கள் 236 பேர். மொத்தம் 436 உயிர்கள்.

அந்தப் புலியைக் கொல்லக் கார்பெட் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காக வேட்டையாடுபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை.

அவர் பாலி என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே ஐந்து நாட்களாக ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. இலை பறிக்கப் போன ஒரு பெண்ணைப் புலி தூக்கிச் சென்றிருந்தது. அன்று இரவு கார்பெட் பாதை ஓரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து, தரையிலேயே உட்கார்ந்தார். அது நல்ல இடம் அல்ல. நிலா வெளிச்சத்தில் ஒவ்வொரு நிழலும் புலியாகத் தெரிந்தது. குளிராலும் பயத்தாலும் இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தார். புலி வரவில்லை. பொழுது விடிந்தது. ஆட்கொல்லியை எதிர்க்கத் தைரியம் மட்டும் போதாது என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

சில நாட்களில் சம்பாவத்தில் ஓர் இளம் பெண்ணைப் புலி கொன்றது. புலி போன வழியைத் தொடர்ந்து கார்பெட் சென்றார். எதிரே ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் மலைச் சுவர். நடுவே ஓர் ஓடை. ஒரு மூலையில் மட்டும் குறுகிய வாய். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மேலே சத்தம் எழுப்பினால் புலி அந்த வாய் வழியாகத்தான் வெளியே போகப் பார்க்கும்.

தாசில்தார் ஏறத்தாழ 300 கிராமவாசிகளைத் திரட்டினார். அவர்கள் மலை முகட்டில் வளைத்து நின்றார்கள். மேளம் அடித்தார்கள். வேட்டுப் போட்டார்கள். பாறைகளை உருட்டினார்கள். ஆனால் கார்பெட் தம் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஆரவாரம் தொடங்கிவிட்டது. அவர் மலைச் சரிவில் ஓடினார். அந்தக் குறுகிய வாயின் அருகே, புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அவர் எதிர்பார்த்த வழியிலேயே புலி வந்தது. அவர் சுட்டார். குண்டு பட்டும் புலி விழவில்லை. அவர் கொண்டு வந்திருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. தாசில்தாரிடம் ஓடினார். அவருடைய துப்பாக்கியை வாங்கி வந்து புலியின் கதையை முடித்தார்.

புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஒரு பக்கத்துக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு அது. காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியாமல்தான் அந்தப் புலி மனிதர்களைத் தேடி வந்தது. அரைகுறையாகச் சுட்ட ஒருவருடைய தவறுக்கு 436 பேர் உயிர் கொடுத்தார்கள்.

முள் வேலிக்குள் ஓர் இரவு

1910-ம் ஆண்டில் பனார் சிறுத்தை. அது 400 பேரைக் கொன்றது. புலியைவிடச் சிறுத்தை ஆபத்தானது. அது மரம் ஏறும்.

கார்பெட்டுக்கு அங்கே நல்ல மரம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கருவாலி மரம் மட்டும் சாய்ந்து நின்றது. சிறுத்தை எளிதாக ஏறிவிடும். ஆகவே, மரத்தைச் சுற்றி முட்கொம்புகளைக் கட்டாகக் கட்டச் செய்தார். சற்றுத் தூரத்தில் ஓர் ஆட்டைக் கட்டினார். இருட்டில் குறி தெரிவதற்காகத் துப்பாக்கிக் குழாயில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டார்.

இருட்டிய பிறகு சிறுத்தை வந்தது. ஆட்டிடம் போகவில்லை. மரத்தடிக்கு வந்தது! முட்கொம்புகளைப் பல்லால் பிடித்து இழுக்கத் தொடங்கியது. மேலே கார்பெட் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்கள் சிறுத்தையை மேலே விடவில்லை. கடைசியில் அது ஆட்டின் மேல் பாய்ந்தது. அவர் சுட்டார். காயத்துடன் ஓடிய சிறுத்தையை, அன்று இரவே தீப்பந்தம் ஏந்திய கிராமவாசிகளுடன் தேடிப் போய்க் கொன்றார்.

காற்றும் பாறையும்

காற்றைக் கார்பெட் ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தார். மனிதனுக்கு மோப்ப சக்தி குறைவு என்பது புலிக்குத் தெரியாது. மானைப் பிடிக்க எப்படி வருமோ அப்படியேதான் மனிதனைப் பிடிக்கவும் வரும். அதாவது, தன் வாடை தெரியாமல் காற்றுக்கு எதிர்த்திசையில் வரும். ஆகவே காற்று அடிக்கும் பக்கத்தைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. காற்று போகும் பக்கத்தில்தான் கண்ணை வைத்திருப்பார். காற்று முதுகின் பின்னாலிருந்து அடித்தால், ஆபத்து முன்னால். காற்று முகத்தில் அடித்தால், ஆபத்து பின்னால். காற்றுப் போகும் திசைக்குக் குறுக்கே மாறி மாறி நடந்தால், ஆபத்து வலப்புறமோ இடப்புறமோ இருக்கும். பார்ப்பதும் சுடுவதும் எளிது. இந்தக் கணக்கு அவர் உயிரைக் காப்பாற்றி வந்தது.

ஆனால் நிலம் எப்போதும் மனிதனுக்கே உதவும் என்று சொல்ல முடியாது. 1930-ம் ஆண்டில் சௌகர் பெண் புலியைத் தேடிப் போனார். அந்தப் புலியும் அதன் குட்டியும் சேர்ந்து 64 பேரைக் கொன்றிருந்தன. வறண்ட ஓடையில் பெரிய பாறை ஒன்றைச் சுற்றி நடந்தார். தற்செயலாகத் தோள் வழியே திரும்பிப் பார்த்தார். பாறையின் பின்னால் எட்டடி தூரத்தில் புலி படுத்திருந்தது!

அவர் இடக் கையில் இரண்டு பறவை முட்டைகள் இருந்தன. வழியில் எடுத்தவை. வலக் கையில் துப்பாக்கி. அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று திரும்பினால் புலி பாய்ந்துவிடும். ஒற்றைக் கையாலேயே, மெல்ல மெல்ல, துப்பாக்கியை வட்டமாகத் திருப்பினார். புலி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. குண்டு பாய்ந்தது. புலி இருந்த இடத்திலேயே செத்தது. முட்டைகள் உடையவில்லை. திரும்பும் வழியில் அவற்றைக் கூட்டிலேயே வைத்துவிட்டார்.

பாலத்தில் 20 இரவுகள்

ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் கதை பொறுமையின் கதை.

கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை நடமாடியது. அரசாங்கக் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. இருட்டியதும் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பொறி வைத்தார்கள். விஷம் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் அது தப்பியது. லண்டன் பாராளுமன்றத்தில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

கார்பெட் படத்தைப் பார்த்தார். நடுவே அளகநந்தா நதி. வேகமான நீரோட்டம். சிறுத்தை அக்கரைக்குப் போக வேண்டுமானால் தொங்கு பாலத்தின் மேல்தான் போக வேண்டும். ஒரு பாலத்தை இரவில் முள்ளிட்டு அடைத்தார். மற்றொரு பாலத்தின் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். பனிக்காற்று ஆற்றின் மேல் சீறி அடித்தது. 20 இரவுகள் இப்படிக் கழிந்தன. சிறுத்தை வரவில்லை. அவரும் களைத்துத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு மீண்டும் வந்தார். இந்தத் தடவை வேறு கணக்குப் போட்டார். ருத்ரபிரயாகைக்கும் குலாப்ராய்க்கும் நடுவே உள்ள பாதையில் சிறுத்தை சராசரி ஐந்து நாட்களுக்கு ஒரு முறை போகிறது என்று கால் தடங்களிலிருந்து தெரிந்தது. குலாப்ராயில் பாதை ஓரத்தில் ஒரு மாமரம் இருந்தது. அதில் பரண் கட்டினார். கீழே கழுத்தில் மணியுடன் ஓர் ஆட்டைக் கட்டினார்.

பத்து இரவுகள் வீணாயின. 1926-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பதினோராவது இரவு, ஆட்டின் மணி ஒலித்தது. டார்ச் விளக்கைப் போட்டார். சுட்டார். உடனே விளக்கு அணைந்துவிட்டது. குண்டு பட்டதா, இல்லையா? தெரியவில்லை. விடியும் வரை மரத்திலேயே காத்திருந்தார். பொழுது விடிந்து இறங்கிப் பார்த்தபோது, சரிவில் கிழட்டுச் சிறுத்தை ஒன்று செத்துக் கிடந்தது. எட்டு ஆண்டுப் பயம் தீர்ந்தது. கிராம மக்கள் திரண்டு வந்து அவர் காலடியில் மலர் தூவினார்கள்.

துப்பாக்கி போய்க் காமிரா வந்தது

கார்பெட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் மேகியுடன் வாழ்ந்தார். வயது ஏற ஏற, பொழுதுபோக்குக்காக மிருகங்களைக் கொல்வதில் அவருக்கு வெறுப்பு உண்டாயிற்று. ஆட்கொல்லி என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய அவர் புலியைச் சுடுவதில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டுச் சினிமாக் காமிராவை எடுத்தார்.

இதற்கும் இடம் பார்க்கும் வித்தைதான் கை கொடுத்தது. காமிரா ஓடும் சத்தம் கேட்டால் புலி ஓடிவிடும். ஆகவே காட்டில் ஓர் ஓடையைத் திருப்பி, சிறு சிறு அணைகள் கட்டி, நீர் சலசலவென்று விழும்படி செய்தார். அந்த ஒலியில் காமிராவின் சத்தம் மறைந்தது. புலிகள் பயமின்றி வந்தன. அவர் படம் பிடித்தார். வேட்டைக்காக மாதக் கணக்கில் காத்திருந்தவர், இப்போது புலி உயிருடன் திரும்பிப் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

1936-ம் ஆண்டில் குமாவுன் காட்டின் ஒரு பகுதி இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு உழைத்தவர்களில் கார்பெட்டும் ஒருவர்.

1938-ல் தாக் கிராமத்துப் பெண் புலியே அவர் கடைசியாகச் சுட்ட ஆட்கொல்லி. அப்போது அவருக்கு வயது 63. ஊரே காலியாகிவிட்டது. மாலை மயங்கும் நேரம். மரம் தேடி ஏற அவகாசம் இல்லை. ஒரு பாறையின் மேல் இடம் பிடித்து, புலியைப் போலவே குரல் கொடுத்தார். புலி பதில் குரல் கொடுத்துக்கொண்டே அவரைத் தேடி வந்தது. அங்கேயே அதன் முடிவு வந்தது.

1944-ல் அவர் எழுதிய குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் உலகமெங்கும் புகழ் பெற்றது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, காட்டில் பிழைக்கும் வித்தையைப் போர் வீரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

மரத்தின் மேல் ஓர் இளவரசி

1947-ம் ஆண்டின் இறுதியில் அக்காளும் தம்பியும் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குச் சென்றார்கள். நியேரி என்ற ஊரில் குடியேறினார்கள். அதன் அருகே காட்டில் ஒரு பெரிய அத்தி மரம். அதன் மேல் மரத்தாலான விடுதி ஒன்று கட்டியிருந்தார்கள். கீழே நீர்க்குட்டை, உப்பு மண். இரவில் யானைகளும் காண்டாமிருகங்களும் அங்கே வரும். மேலே இருப்பவர்கள் அவற்றைப் பார்த்து மகிழலாம். சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்காகக் கட்டிய பரண் அது.

1952-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி இங்கிலாந்து இளவரசி எலிசபெத் தம் கணவருடன் அங்கே வந்து தங்கினார். 76 வயதுக் கார்பெட் இரவு காவல் இருந்தார். இளவரசி அந்த மரத்தில் தங்கிய இரவில்தான் அவர் தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்காமில் தூக்கத்திலேயே காலமானார். இளவரசியாக மரம் ஏறியவர் ராணியாக இறங்கினார்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி நியேரியில் கார்பெட் மரணம் அடைந்தார். அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள். 1957-ல் அந்த முதல் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் அந்தப் பூங்காவில்தான் தொடங்கியது. இந்தியாவில் புலி வேட்டை சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிச் சாலையாக விளங்குகிறது.

அவர் உட்கார்ந்த மரங்களில் பல இன்று இல்லை. ஆனால் மான்கள் இன்னும் அதே தாழ்ந்த வழியாகத்தான் குன்றைக் கடக்கின்றன. புலிகளும் அவற்றின் பின்னே நடக்கின்றன. காமிராவுடன் காட்டுக்குப் போகிறவர்களும், காட்டைக் காக்கும் காவலர்களும், கார்பெட் பார்த்தது போலவே காற்றையும் தண்ணீரையும் கால் தடத்தையும் பார்த்துத்தான் இடம் தேடுகிறார்கள்.